கால் வீங்கும்வரை காத்திருக்காதீர்கள்: கிட்னி பிரச்சினையில் உடம்பில் கோக்கும் நீரைக் கவனிப்பது எப்படி

அப்பாவுக்கு வெயிட் ஏறியபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாள்பட்ட சிறுநீரக நோய், கிட்னி வடிகட்டும் திறனைச் சொல்லும் ஜி.எஃப்.ஆர். 34, அதாவது ஐந்து கட்டங்களில் மூன்றாம் கட்டத்தின் பின்பாதி, ஆறு மாதமாகச் சரியான சாப்பாடே இல்லை, அப்படிப்பட்டவர் இரண்டு வாரத்தில் இரண்டரைக் கிலோ ஏறியதும் உடம்பு தேறுகிறது என்றுதான் நினைத்தோம். நான் தினமும் சாயங்காலம் அவர் கணுக்காலைத் தொட்டுப் பார்ப்பேன். வீக்கம் இருக்காது, நிம்மதியாகப் போய்ப் படுப்பேன். மூன்றாவது வாரம் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால் மனிதர் கட்டிலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். "படுத்தா மூச்சு முட்டுதுப்பா" என்றார். அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப வெயிட் பார்த்தீங்க?" நான் பெருமையாகச் சொன்னேன், இரண்டரைக் கிலோ ஏறியிருக்கார் என்று.

இரண்டு வாரத்தில் அவ்வளவு சதை போடாது. ஏறியது முக்கால்வாசியும் தண்ணீர்.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கிட்னி டாக்டர் வேலை. வீட்டில் பார்க்க வேண்டியது, எழுதி வைக்க வேண்டியது, கேட்க வேண்டிய கேள்விகள், இவை நம் வேலை.

முதலில் உப்புக் கணக்கு

நோய் முற்றினால் கிட்னியால் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் போகிறது, அதனால் நீர் கோக்கிறது என்று நாம் நினைக்கிறோம். பாதி சரி. முதலில் தடுமாறுவது உப்பை வெளியேற்றும் வேலைதான். நம் ரத்தத்திலும் செல்களுக்கு வெளியே உள்ள நீரிலும் உப்பு ஒரே அளவில் இருந்தாக வேண்டும், அதை உடம்பு விட்டுக்கொடுக்காது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலைப் பாருங்கள், 0.9 சதவீதம் என்று போட்டிருக்கும். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு. இதையே திருப்பிப் போட்டால், வெளியே போகாமல் உடம்பில் தங்கும் ஒவ்வொரு 9 கிராம் உப்பும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. நீங்கள் குடிக்காமல் இருந்தாலும் தாகம் குடிக்க வைக்கும். அதனால்தான் "தண்ணீரைக் குறை" என்று மட்டும் சொல்லி, சாப்பாட்டில் உப்பைக் குறைக்காமல் விட்டால், நோயாளி தாகத்தோடு சண்டை போட்டுத் தோற்றுப்போவார். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் அந்தச் சண்டைதான் நடந்தது.

சரி, வீக்கம் ஏன் தெரியவில்லை? அழுத்தினால் குழி விழும் அளவுக்குக் கால் வீங்க வேண்டுமென்றால் பெரியவர் ஒருவருக்கு இரண்டு மூன்று லிட்டராவது கூடுதலாகச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன்னாலேயே பிரஷர் ஏறும், இதயம் கஷ்டப்படும், ரத்தக்குழாய்கள் அடி வாங்கத் தொடங்கியிருக்கும். கால் கடைசியில்தான் சொல்கிறது.

ரத்தக்குழாய்க்கு என்ன ஆகிறது

இந்தப் பகுதியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கோ இது புரிந்த பிறகுதான் மற்றதெல்லாம் செய்ய மனசு வந்தது.

ரெண்டு கிட்னியும் சேர்ந்து உடம்பு எடையில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. அவ்வளவு ரத்தம் உள்ளே போக வேண்டுமென்றால் வழி அகலமாக, தடையில்லாமல் இருக்க வேண்டும். ஆரோக்கியமான பெரிய ரத்தக்குழாய் ரப்பர் மாதிரி. இதயம் துடிக்கும்போது விரிந்து அந்த அடியை வாங்கிக்கொண்டு, பிறகு மெதுவாகச் சுருங்கி ரத்தத்தைச் சீராக அனுப்பும். கிட்னி நோயில் அந்த ரப்பர், இரும்புக் குழாய் மாதிரி விறைத்துப் போகிறது. அப்போது ஒவ்வொரு துடிப்பின் அடியும் குறையாமல் கிட்னியின் நுண்ணிய வடிகட்டிகள் வரை போய் மோதும். வடிகட்டி பழுதாகிறது, யூரினில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறது, ஜி.எஃப்.ஆர். இறங்குகிறது, அதனால் இன்னும் உப்பு தங்குகிறது, பிரஷர் இன்னும் ஏறுகிறது. கிட்னி ரத்தக்குழாயைக் கெடுக்க, ரத்தக்குழாய் திரும்பக் கிட்னியைக் கெடுக்க, இரண்டும் சுற்றிச் சுற்றி வரும்.

நீர் கோத்திருந்தால் இன்னொரு பக்கமும் அடி விழும். இதயத்துக்கு ரத்தம் திரும்பும் சிரைகளில் அழுத்தம் ஏறி, கிட்னியிலிருந்து ரத்தம் வெளியே வரும் பாதை நெருக்கடியாகும். உள்ளே வரும் அழுத்தத்துக்கும் வெளியே போகும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் வடிகட்டல் நடக்கிறது, அது குறைந்தால் வேலையும் குறையும். சிலருக்கு நீரை வடித்த பிறகு, ரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் இறங்குவது இதனால்தான். ரத்தக்குழாயின் உள்தோலும் உப்பு அதிகமானால் விறைக்கிறது, குழாயைத் தளர்த்தி விடும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாகச் சுரக்கிறது. நான்காம், ஐந்தாம் கட்ட நோயாளிகளின் உடம்பு நீரை பயோஇம்பிடன்ஸ் கருவியால் அளந்து பார்த்த ஆய்வுகளில், நீர் அதிகம் கோத்தவர்களுக்கு ஜி.எஃப்.ஆர். வேகமாக இறங்கியதும், டயாலிசிஸ் சீக்கிரம் தேவைப்பட்டதும் தெரிந்திருக்கிறது.

இது புது விஷயமும் இல்லை. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ரிச்சர்ட் பிரைட் 1827-லேயே உடம்பு வீங்கியவர்களின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்தியில் காட்டி, அதிலிருந்த ஆல்புமின் திரிவதைப் பார்த்து இவர்களுக்குக் கோளாறு கிட்னியில் என்று எழுதிவிட்டார். அவர்களின் நாடி கடினமாக இருப்பதும் இதயம் பெருத்திருப்பதும்கூட அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பிரஷர் கருவியே இல்லாத காலம்.

வெயிட் பார்ப்பது

காலையில் எழுந்து, யூரின் போய்விட்டு, எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல், ஒரே மாதிரி உடுப்பில், ஒரே மெஷினில், கடினமான தரையில் வைத்துப் பாருங்கள். கம்பளத்தின் மேல் மெஷினை வைத்தால் அளவு தப்பும். ஒரு நோட்டில் தேதி, வெயிட், பிரஷர் மூன்றும் போதும், அலங்காரமாக எதுவும் வேண்டாம். எங்கள் நோட்டு ஒரு பக்கம்: 61.2, 61.4, 61.3, 62.1, 62.9. நான்காவது நாள் புருவம் உயர வேண்டும், ஐந்தாவது நாள் போன் போட வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, இரண்டு மூன்று நாளில் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோவோ ஏறினால் அது சாப்பாட்டுச் சதை இல்லை. உங்களுக்கு எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று டாக்டரிடமே கேட்டு நோட்டின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். நான்கைந்து நூறு கிராம் மேலே கீழே ஆடுவது சகஜம், மலம் கழிக்காத நாளில்கூட ஆடும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

கால் வீக்கத்தையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கிறதே அந்தக் கெட்டியான எலும்பு, அதன் மேல் கட்டைவிரலால் பத்து நொடி விடாமல் அழுத்தி எடுங்கள். விரல் பட்ட இடம் பள்ளமாக நின்று மெல்ல மேலே வந்தால் நீர். சும்மா தொட்டுப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது, நான் செய்த தப்பு அதுதான். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு நீர் காலுக்கு இறங்காது, இடுப்புக்குக் கீழே முதுகுப் பக்கம் சேரும், அங்கே அழுத்திப் பாருங்கள். சாக்ஸ் பதிந்த தடம் முன்பைவிட ஆழமாக இருப்பது, மோதிரம் இறுகுவது, காலையில் கண் இரப்பை உப்புவது, ஒரு தலையணை போதாமல் இரண்டு தேவைப்படுவது, படுத்தால் இருமல் வருவது, இவையும் அதே செய்திதான். பெரும்பாலும் வீட்டில் யாராவது "வயசாச்சு, அப்படித்தான்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

வீக்கமெல்லாம் நீர்க்கோவையும் இல்லை. பிரஷருக்கான ஆம்லோடிபின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கணுக்கால் வீங்கும், வெயிட் பெரிதாக ஏறியிருக்காது, நீர் போகும் மாத்திரைக்கும் அது சரியாக வற்றாது. ஒரே ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள்.

பிரஷர் பார்ப்பது

முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் மேஜை மேல் இருக்கட்டும். முந்தைய அரை மணி நேரம் காபி, சிகரெட் கூடாது, யூரினை அடக்கிக்கொண்டும் பார்க்கக் கூடாது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். மேல் கைப்பட்டை உள்ள மெஷின் வாங்குங்கள், மணிக்கட்டு மெஷின் எனக்குப் பிடிக்காது, கையைக் கொஞ்சம் தூக்கினாலும் இறக்கினாலும் எண் மாறிவிடும்.

இலக்கு என்ன? கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக நோய் அமைப்பின் 2021 வழிகாட்டுதல், ஆஸ்பத்திரியில் மேலே சொன்ன மாதிரி ஒழுங்காகப் பார்த்தால், மேல் பிரஷர் 120-க்குக் கீழ் என்கிறது. பல டாக்டர்கள் 130/80-ஐ வைத்துக்கொள்கிறார்கள், வயதானவர்களுக்கு, எழுந்தால் தலை சுற்றுபவர்களுக்குத் தளர்த்துவார்கள். அப்புறம் இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். 160/70 என்றால் இடைவெளி 90. அந்த இடைவெளி வருஷத்துக்கு வருஷம் அகலமாகிறது என்றால் பெரிய ரத்தக்குழாய்கள் விறைக்கின்றன என்று அர்த்தம். மாத்திரை மூன்று போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால் நான்காவது மாத்திரைக்கு முன் கேளுங்கள்: "உடம்பில் நீர் மிச்சம் இருக்கா டாக்டர்?"

உப்பைக் குறைப்பது

ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது 2 கிராம் சோடியம். ஒரு டீஸ்பூன் அளவு, சமையலில் போடுவது, வெளியே சாப்பிடுவது, பாக்கெட்டில் ஒளிந்திருப்பது எல்லாம் சேர்த்து. பாக்கெட்டின் பின்னால் சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருக்கும், அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. 400 மி.கி. சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு, ஒரு நாள் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. "ஒரு பரிமாறலுக்கு" என்று சின்ன எழுத்தில் இருக்கும், பாக்கெட்டில் எத்தனை பரிமாறல் என்று பார்த்தால் சில சமயம் சிரிப்பு வரும்.

நாங்கள் செய்தது இதுதான். சமைக்கும்போது உப்பே போடாமல், அவர் பங்குக்கு ஒரு நாள் உப்பைக் காலையிலேயே குட்டி டப்பாவில் அளந்து வைத்து, தட்டில் மேலாகத் தூவிக்கொள்ளச் சொன்னோம். பாக்கெட்டிலும் வெளிச் சாப்பாட்டிலும் எப்படியும் கொஞ்சம் போகும் என்பதால் டப்பாவில் அரை டீஸ்பூன்தான். உப்பு நாக்கில் நேராகப் படுவதால் கொஞ்சத்திலேயே ருசி தெரியும். முதல் இரண்டு வாரம் சாப்பாடு மண் மாதிரி இருக்கிறது என்று திட்டு விழுந்தது. ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது, இப்போது வெளியே சாப்பிட்டால் "என்னடா இவ்வளவு கரிக்குது" என்கிறார்.

குறைந்த சோடியம் உப்பு என்று விற்கும் மாற்று உப்புகளில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். கிட்னி நோயாளிக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் பாரசிட்டமால் மாத்திரையில் ஒன்றுக்குச் சுமார் 400 மி.கி. சோடியம் வரை இருக்கும், நாலு போட்டால் ஒரு நாள் சோடியத்தில் முக்கால்வாசி தீர்ந்தது. சாதாரண மாத்திரையாக வாங்குங்கள்.

உப்பு நிஜமாகவே குறைந்திருக்கிறதா என்று தெரிய ஒரு டெஸ்ட் இருக்கிறது, 24 மணி நேர யூரின் சோடியம். 100 மில்லிமோல் வந்தால் கிட்டத்தட்ட 6 கிராம் உப்பு சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று பொருள். வாய் சொல்வதை யூரின் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டில் பெரிய பூகம்பத்தையே கிளப்பியது.

தண்ணீர் எவ்வளவு

இதற்கு எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. நிறையக் குடித்தால் கிட்னி கழுவி விடப்படும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் மூன்றாம் கட்ட நோயாளிகளை ஒரு வருஷம் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் செய்து பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள், ஜி.எஃப்.ஆர். இறங்குவது அதனால் குறையவில்லை. நீர் கோக்காதவர் தாகத்துக்குக் குடிக்கலாம். வீக்கம், மூச்சிரைப்பு, யூரின் குறைவு என்று வந்த பிறகு டாக்டர் ஒரு அளவு சொல்வார், அதில் சூப், பால், ஐஸ், கூழாக இருக்கும் எல்லாமே கணக்கு. ஒரு நாள் அளவை ஒரு பாட்டிலில் பிடித்து வையுங்கள், வேறு எதைக் குடித்தாலும் அதே அளவைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரை ஏறுவதும் தாகத்தைக் கிளப்பும், அதைச் சரி செய்யாமல் பாட்டிலைப் பூட்டி வைத்துப் பயனில்லை.

மாத்திரைகள்

நீர் போகும் மாத்திரையில் ஃபுரோசமைடு சுமார் ஆறு மணி நேரம்தான் வேலை செய்யும். மிச்ச நேரத்தில் கிட்னி விட்டதைப் பிடிக்கப் பார்க்கும், அந்த நேரத்தில் உப்பான சாப்பாடு உள்ளே போனால் காலையில் போனது ராத்திரி திரும்பி வந்துவிடும். மாத்திரை வேலை செய்யவில்லை என்று பலரும் சொல்வதன் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. குடலிலும் நீர் கோத்திருந்தால் மாத்திரை உறிஞ்சப்படுவது தாமதமாகும், அப்போது மாற்று மாத்திரையோ ஊசியோ தேவைப்படலாம். நான்காம் கட்டத்தில் தயசைடு என்ற இன்னொரு வகை நீர் மாத்திரை பலிக்காது என்று வெகுகாலம் நம்பினார்கள், 2021-ல் வந்த கிளிக் ஆய்வு அந்த வகையைச் சேர்ந்த குளோர்தாலிடோன் அந்தக் கட்டத்திலும் பிரஷரை நன்றாக இறக்கும் என்று காட்டியது, கூடவே கிரியாட்டினின் ஏறலாம், பொட்டாசியம் இறங்கலாம் என்பதால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றும்.

டெல்மிசார்டன், ராமிப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரைகளும், சர்க்கரைக்கும் கிட்னிக்கும் கொடுக்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசினும் தொடங்கிய சில வாரத்தில் கிரியாட்டினின் லேசாக ஏறலாம். முதல் வகையில் நான்கு வாரத்துக்குள் 30 சதவீதம் வரை ஏறுவதைப் பொதுவாகப் பொறுத்துக்கொள்வார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்தினால் வடிகட்டிக்கு இருந்த பாதுகாப்பும் போகும். அதேபோல வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வந்து எதுவும் உள்ளே தங்காத நாளில் இவற்றை வழக்கம்போல் விழுங்கிக்கொண்டிருக்கவும் கூடாது, அன்று காலையிலேயே டாக்டருக்குப் போன் போட்டு எதை நிறுத்தலாம் என்று கேளுங்கள். நீர் குறைந்தாலும் கிட்னிக்கு ஆபத்துதான். எழுந்தால் கண் இருட்டுகிறது, வெயிட் மளமளவென்று இறங்குகிறது என்றால் அந்தப் பக்கம் போய்விட்டீர்கள்.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் கண்டிப்பாக வேண்டாம். உப்பையும் நீரையும் தேக்கும், கிட்னிக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும்.

ரத்தக்குழாய்க்குத் தனியாகச் செய்ய வேண்டியது கொஞ்சம் உண்டு. புகைப்பவர் நிறுத்த வேண்டும். பாஸ்பரஸ் ஏறினால் ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் எலும்புச் செல் மாதிரி மாறிக் கால்சியத்தைப் படிய வைக்கின்றன, அதனால் கோலா பானங்களும் பாஸ்பேட் சேர்த்த பாக்கெட் உணவுகளும் வேண்டாம். பிறகு கை நரம்பு. டயாலிசிஸ் தேவைப்படலாம் என்ற நிலை வந்தால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் உள்ள நரம்புகளில், குறிப்பாக அதிகம் பயன்படுத்தாத கையில், ரத்தம் எடுக்கவோ டிரிப் போடவோ விடாதீர்கள், புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஆபரேஷன், செய்ய அந்த நரம்புகள்தான் வேண்டும். அவசரத்தில் யாரும் கேட்க மாட்டார்கள், நாம்தான் வாயைத் திறக்க வேண்டும்.

படுக்க முடியாத மூச்சிரைப்பு, நுரையாகச் சளி, நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்வது, யூரின் ஏறக்குறைய நின்றுபோவது, இதில் எது வந்தாலும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு ஒன்றரை வருஷம் கழித்துத்தான் உறைத்தது. நோட்டில் 61 கிலோ என்று அசையாமல் நிற்கும், நாமும் நிம்மதியாக இருப்போம். ஆனால் பசியில்லாமல் சதை கரைந்துகொண்டிருந்தால், கரைந்த சதையின் இடத்தில் நீர் ஏறி நிற்கும், மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பாவின் பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருந்தது, தோள்பட்டை எலும்பு தெரிந்தது, வெயிட் மட்டும் அப்படியே இருந்தது. டாக்டர் பரிசோதித்துவிட்டு நோட்டில் 61-ஐ அடித்து 59 என்று எழுதினார். அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, முக்கியமாக ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்த பிறகு, "இவருக்கு இப்போ சரியான வெயிட் எவ்வளவு?" என்று கேட்டுப் புது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.